மடங்காத கணுக்காலுக்கு ஒரு ஜோடி ஃபின்ஸ்

நீச்சல் குளத்தின் எதிர்க் கோடியை நோக்கித்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் காற்றுச் சிலிண்டர், வாயில் மூச்சுவிட ரெகுலேட்டர், காலில் டைவிங் பள்ளி கொடுத்த ஃபின்ஸ். வாத்தின் பாதத்தைப் பெரிதாக்கி நீட்டிவைத்தது போன்ற அந்த ரப்பர்த் தகடுகளை மேலும் கீழுமாக அசைத்தபடி, தரையின் நீல ஓடுகள் பின்னால் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நீந்தினேன். கொஞ்ச நேரத்தில் என் வலது தோள் எதிலோ இடித்தது. நிமிர்ந்து பார்த்தால் குளத்தின் பக்கச் சுவர்.

தலையை வெளியே தூக்கியதும் கரையில் குந்தியிருந்த பயிற்சியாளர் கேட்டார். “இன்னா மேடம், நேரா போங்கன்னா செவுத்தாண்ட போறீங்க?”

“நேராத்தான் போனேன்.”

“திரும்பப் போங்க.”

திரும்பப் போனேன். மறுபடி சுவர். இந்த முறை அவர் மேலிருந்து மொபைலில் படம் பிடித்திருந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சிக்னலில் யூ டர்ன் அடிக்கிற ஆட்டோ மாதிரி என் உடம்பு நிதானமாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல், வலது பக்கம் வளைந்து போய்க்கொண்டிருந்தது.

“இடது கால்தான் உதைக்குது. வலது கால் சும்மா கூட வந்துகினு கீது,” என்றார் அவர்.

அப்போதுதான் அவரிடம் என் கணுக்காலைப் பற்றிச் சொன்னேன்.

நான் பல் மருத்துவர். மந்தைவெளியில் வீடு. மயிலாப்பூரில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், இரண்டு நாற்காலிகள் போட்ட சிறிய கிளினிக். சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்கால மாலையில் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்க ஓடியபோது எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் உடைந்தது. தகடு வைத்துத் திருகாணிகள் போட்டார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. ஆனால் மூட்டு பழையபடி வரவில்லை. பிசியோதெரபிஸ்ட் என் பாதத்தைக் கையில் பிடித்து மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். “மேல வருது பாருங்க, அது நல்லா வருது. கீழே நுனிவிரலை நீட்டறது மட்டும் பாதிக்கு மேல வராது. இதோட பழகிக்கலாம்.”

பழகிக்கொண்டேன். நின்றுகொண்டு பல் பார்ப்பதை விட்டுச் சக்கர ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கக் கற்றேன். சாயங்காலம் ஆனால் செருப்பின் வார் வீக்கத்தில் பதியும். வெறும் வலி என்றால் பரவாயில்லை. அதைவிட, எந்நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிற பழக்கம் வந்துவிட்டது. தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கப் போனால்கூட எதிரே வருகிறவர்களின் முகம் தெரியாது. அவர்கள் செருப்புதான் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் நானும் என் கணவரும் அந்தமான் போனோம். அவருக்குச் சிறு வயதிலேயே காதில் அறுவை சிகிச்சை நடந்ததால் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. நான் மட்டும் இறங்கினேன். வழிகாட்டி என் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தபடி மெல்லக் கீழே கூட்டிப் போனார். பவளப் பாறை, மீன்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் எனக்கு நினைவில் நின்றது வேறு. உடம்பில் எங்கேயும் எடை இல்லை. கணுக்கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். இருந்தது. வெறுமனே என்கூட மிதந்துகொண்டிருந்தது.

சென்னை திரும்பியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டைவிங் கற்றுத்தரும் இடம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். என் கணவர் தடுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

“மெட்ராஸ் கடல்லயா? அங்க அடியில என்னடி தெரியும்? பழைய செருப்புதான் தெரியும்.”

“செருப்புதானே இப்பவும் பாத்துண்டு இருக்கேன்,” என்றேன். சிரித்துவிட்டார்.

டைவிங்கில் யாரும் தனியாக இறங்கக் கூடாது. ஒருவருக்கு ஒருவர் துணை வேண்டும். எனக்கு வாய்த்த துணை, தி. நகர் ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் ஊர் போகவில்லை. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றோம். மகன் பிறந்தநாள் பரிசாக இந்த வகுப்பில் சேர்த்துவிட்டானாம். “வயித்தைக் குறைக்கணும்னு ஜிம்முல சேத்தான், போவல. இதுல சேத்தான், வந்துட்டேன். கடலுக்குள்ள வயிறு யாருக்குத் தெரியப்போவுது?” என்பார். என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். வயதில் என்னைவிடப் பெரியவர், ஆனால் குளத்தில் முதல் நாள் கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தபோது இருவரும் ஒரே மாதிரி பயந்தோம். அதிலேயே சிநேகம் ஆகிவிட்டது.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் பயிற்சியாளர் சொன்னார். “மிதக்குற ஜாக்கெட், சிலிண்டர் எல்லாம் வாடகைக்கு எடுத்துக்கலாம். மாஸ்க்கும் ஃபின்ஸும் மட்டும் சொந்தமா வாங்கிடுங்க. ரெண்டும் உடம்போட ஒட்டுற சாமான். அடுத்தவங்க அளவு நமக்கு ஆகாது.”

எனக்கு அது புரிந்தது. நாள் முழுவதும் அந்த வேலைதானே செய்கிறேன். ஒருவர் வாய்க்கு எடுத்த அளவில் இன்னொருவருக்குப் பல் கட்ட முடியாது. ஒரு தலைமுடி அளவுக்கு உயரமாக இருந்தாலும் ராத்திரியெல்லாம் தாடை வலிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணாச்சியும் வாங்கப் போனோம். டைவிங் பள்ளிக்குப் பின்னாலேயே ஒரு சின்ன அறையில் சாமான்கள் விற்பனைக்கு இருந்தன. சுவர் முழுக்க ஜோடி ஜோடியாக ஃபின்ஸ் மாட்டியிருந்தது. பயிற்சியாளர் வேறொரு குழுவைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி போயிருந்தார். கணக்குப் பார்க்கும் பெண் மட்டும் இருந்தாள். “நீங்களே பாருங்க மேடம்,” என்று சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அன்றுதான் எத்தனை வகை இருக்கிறதென்று தெரிந்தது. ஷூ மாதிரி வெறுங்காலை உள்ளே விட்டு அப்படியே மாட்டிக்கொள்வது ஒரு வகை. குதிகால் திறந்திருந்து, பின்னால் வார் போட்டு இழுத்துக்கொள்வது இன்னொன்று. இதற்குள்ளே ரப்பர் காலணி போட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊரில் சூடான மணலிலும் உடைந்த கிளிஞ்சலிலும் நடந்து போய்ப் படகு ஏற வேண்டியிருப்பதால் காலணி இல்லாமல் ஆகாது. அதுவரை எளிதாக முடிவாயிற்று. தகட்டில்தான் குழப்பம். நீளம், குட்டை, அகலம், நடுவில் மீன்வால்போல் இரண்டாகப் பிளந்தது, கெட்டி, மெத்து.

அண்ணாச்சி ஒவ்வொன்றையும் எடுத்து இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். கடையில் துணி பார்க்கிற அதே விரல்கள்.

“இது மல்லுத் துணி. இது கஞ்சி போட்ட வேட்டி. இது என்னம்மா, தார்ப்பாயில்லா இருக்கு!” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் ஒரு கறுப்பு ரப்பர் ஜோடியில் நின்றார். கனமான, குட்டையான, பழைய மாதிரியானது. “எனக்கு இதுதான். கையில எடுத்தா ஒரு சாமான் எடுத்த மாதிரி இருக்கணும்.”

நான் அதற்குள் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன். இணையத்தில் படித்திருந்த விமர்சனங்கள் எல்லாம் ஒரே குரலில் சொன்னது, கெட்டியான நீளத் தகடுதான் வேகம், அதுதான் பலம், நீரோட்டத்தை எதிர்க்க அதுதான் வேண்டும் என்று. என் கணக்கு நேரானது. பலம் குறைந்த காலுக்குப் பலமான ஃபின் வேண்டும். நீளமான, விறைப்பான ஒரு கறுப்பு ஜோடியை எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி அதை வளைத்துப் பார்த்தார்.

“டாக்டரம்மா, இது வளைய மாட்டேங்குதே. உங்க காலும் வளையாது, இதுவும் வளையாதுன்னா யாரு வளையுதது?”

“தண்ணி வளையும்,” என்றேன்.

குளத்தில் அது நன்றாகவே இருந்தது. நான்கு உதைப்பில் மறுகரை. இடது காலை அடக்கி, வலது காலை வலிந்து உதைத்தால் ஓரளவு நேராகவும் போனேன். வீட்டில் வரவேற்பறைச் சுவரோரம் அதைச் சாய்த்துவைத்தேன். வருகிறவர்கள் கேட்டார்கள். சொல்ல எனக்கும் பிடித்திருந்தது.

சென்னைக் கடல் ஆண்டில் சில மாதங்கள்தான் உள்ளே தெரியும்படித் தெளியும். அந்த மாதங்களில் ஒரு காலை நேரத்தில் நீலாங்கரையிலிருந்து ஃபைபர் படகில் கிளம்பினோம். கரை பின்னால் போய் அடுக்குமாடிகள் பல்வரிசைபோலச் சிறுத்தன. நங்கூரம் போட்ட இடத்தில் அடியில் ஒரு பாறைத் திட்டு இருந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி பயிற்சியாளர் முன்னால், நான் அடுத்து, அண்ணாச்சி கடைசி. பச்சையான வெளிச்சம். கீழே போகப் போகப் பாறை தெளிவாகி வந்தது. மேலே சங்கரா மீன் கூட்டம் ஒன்று ஒரே பக்கம் முகம் திருப்பி நின்றது. அவை அப்படி நிற்பதற்குக் காரணம் நீரோட்டம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பாறையைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது ஓட்டத்துக்கு எதிராகப் போக வேண்டியிருந்தது. உதைத்தேன். நகர்ந்தேன். இன்னும் பலமாக உதைத்தேன். வலது கெண்டைக்காலில் ஏதோ முறுக்கிக்கொண்டு உருண்டு மேலே ஏறியது. தரையில் வருகிற தசைப்பிடிப்புப் போலத்தான், ஆனால் இங்கே காலை ஊன்ற இடமில்லை, வாயைத் திறந்து கத்தவும் முடியாது. கெண்டைக்காலைக் கையால் பிடிக்கக் குனிந்ததும் ஓட்டம் என்னைத் திருப்பிவிட்டது. நீண்ட தகட்டில் தண்ணீர் முட்டி முட்டிக் காலை இன்னும் இழுத்தது. மூச்சு வேகமானது. என் குமிழிகளின் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

கயிறு தூரமாகிக்கொண்டிருந்தபோது என் ஜாக்கெட்டை யாரோ பிடித்தார்கள். அண்ணாச்சி. நான் காலைக் காட்டினேன். கையை முஷ்டியாக மூடித் திறந்தேன். தசைப்பிடிப்புக்கு வகுப்பில் சொல்லித்தந்த சைகை. அவர் ஒரு கையால் பாறை முனையைப் பற்றிக்கொண்டு, இன்னொரு கையால் என் ஃபின்னின் நுனியைப் பிடித்து என் முழங்காலை நோக்கி மெல்லத் தள்ளினார். அதுவும் வகுப்பில் பழகியதுதான். குளத்தில் செய்தபோது இருவரும் சிரித்துக்கொண்டே செய்தோம். இப்போது மாஸ்க்குக்குள் அவர் கண்கள் விரிந்து, இமைக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பாதம் மேல் நோக்கி வளைந்தது. அந்தப் பக்கம்தான் என் கணுக்கால் வளையுமே. கட்டி மெல்லக் கரைந்தது. நான் நல்லது என்று கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து வளையம் காட்டியதும்தான் அவர் இமைத்தார்.

பயிற்சியாளர் திரும்பி வந்து, மேலே போகலாம் என்று காட்டினார். மெதுவாக ஏறினோம். மேலே வந்தபோது படகு கொஞ்சம் தள்ளி இருந்தது. நான் மல்லாந்து மிதந்தேன். அண்ணாச்சி என் சிலிண்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“அண்ணாச்சி, விடுங்கோ, படகு வரும்.”

“வரட்டும். அதுவரைக்கும் பேசாம வாங்க. இந்தக் கஞ்சி போட்ட வேட்டிய கழத்திருங்க முதல்ல.”

படகு நெருங்கியதும் கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். “கால் பிடிச்சுண்டுடுத்து. அவர் வந்து தள்ளிவிட்டார். இப்ப ஒண்ணுமில்லை.” அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். எந்தக் கால் என்று கேட்டார். பிறகு சோபாவில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கெண்டைக்காலை வெகு நேரம் அமுக்கிக்கொண்டிருந்தார்.

“போகாதேன்னு சொல்லப்போறேளா?” என்று கேட்டேன்.

“சொன்னா கேப்பியா?” என்றார். கொஞ்சம் கழித்து, “தண்ணியிலேந்து வந்த அன்னிக்கெல்லாம் நீ நிமிர்ந்து நடக்கறே. அதைப் பாத்துட்டு நான் எப்படிப் போகாதேன்னு சொல்றது? அந்தப் பலகையை மட்டும் மாட்டிண்டு போகாதே,” என்றார்.

நான் நிமிர்ந்து நடக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

பயிற்சியாளர் மறுநாள் போன் செய்தார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. “வாங்குறப்ப நான் இருந்திருந்தா அத எடுக்க வுட்டிருக்க மாட்டேன் மேடம். கொளத்துல நல்லா போறீங்கன்னு நானும் வுட்டுட்டேன். கெட்டி பிளேடு நல்லா தள்ளும், கரெக்ட்டு. ஆனா அத அசைக்கிறது யாரு? உங்க கெண்டைக்காலும் கணுக்காலும்தான. எவ்ளோ கெட்டியோ அவ்ளோ வேல.” பிறகு, “வாங்க, வேற போட்டுப் பாக்கலாம். வாங்க வேணாம், சும்மா போட்டுப் பாக்கலாம்,” என்றார்.

அடுத்ததாகப் போட்டுப் பார்த்தது நடுவில் பிளந்த வகை. பள்ளியில் யாரோ விட்டுவிட்டுப் போன ஜோடி. குளத்தில் இறங்கி அசைத்ததுமே ஆச்சரியமாக இருந்தது. பாலில் கரண்டி விட்டுக் கலக்குகிற மாதிரி இருந்தது. கணுக்காலுக்கு வேலையே இல்லை. சின்னச் சின்ன உதைப்புகள், அதுபாட்டுக்குப் போனது. வலப்பக்கம் இழுப்பதும் பாதியாகக் குறைந்துவிட்டது. முடிந்தது வேலை என்று நினைத்தேன். கடலிலும் முதல் பாதி அப்படித்தான் இருந்தது.

அன்று அண்ணாச்சி ஒரு புதுக் கேமரா கொண்டுவந்திருந்தார். மணல் தரையில் ஒரு சின்னத் திருக்கை பாதி புதைந்து கண் மட்டும் தெரியப் படுத்திருந்தது. அவர் அதற்கு முன்னால் அசையாமல் மிதந்து, கை நடுங்காமல் பார்த்துப் பார்த்து நெருங்கிக்கொண்டிருந்தார். நானும் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் போனேன். நிற்க முடியவில்லை. அந்த ஃபின்ஸ் முன்னே போகும். நிற்கவோ, பின்னே வரவோ, திரும்பவோ அதற்குத் தெரியாது. நிற்பதற்காக நான் உதைத்த ஒவ்வொரு உதைப்பும் கீழே மணலில் பட்டது. ஒரு நொடியில் திருக்கை, அண்ணாச்சி, கேமரா எல்லாம் கலங்கிய சாம்பார் நிறத்தில் மறைந்துபோயின. கலக்கம் அடங்கியபோது திருக்கை இல்லை. அண்ணாச்சி மட்டும் கேமராவைப் பிடித்தபடி அதே இடத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

படகில் ஏறியதும் அவர் என்னிடம் பேசவில்லை. வாழைப்பழத்தை உரித்து ஒன்றை என்னிடம் நீட்டினார். அதையும் பேசாமல்தான் நீட்டினார்.

“சாரி அண்ணாச்சி.”

“அது என்னைப் பாத்து போஸ் குடுத்துச்சு, டாக்டரம்மா,” என்றார் கடைசியாக, மிகுந்த துக்கத்தோடு.

பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும் என்னை ஒரு பெஞ்சில் குப்புறப் படுக்கச் சொன்னார். “மேலயும் கீழயும் உதைக்கிறத மறந்துடுங்க. முட்டிய மடக்குங்க. பாதத்த மேல தூக்கி வெளிய திருப்புங்க. இப்ப ரெண்டு உள்ளங்காலையும் கைதட்டுற மாதிரி சேருங்க. சேத்துட்டு சும்மா இருங்க, தண்ணி உங்கள இட்டுகினு போவும். தவளை மாதிரி.”

பெஞ்சில் படுத்துக்கொண்டு செய்து பார்த்தேன். கடற்கரையில் நடைப்பயிற்சிக்கு வந்த இருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. இதில் நுனிவிரலை நீட்டவே வேண்டாம். பாதம் மேலே வந்தால் போதும். என் கணுக்காலுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இத்தனை நாள் அதற்குத் தெரியாத வேலையைச் செய்யச் சொல்லி மாற்றி மாற்றிச் சாமான் தேடிக்கொண்டிருந்தேன்.

தவளை உதைப்புக்குப் பிளந்த தகடு சரிவராது. தண்ணீர் நடுவில் வழிந்துவிடும். நீளத் தகடும் வேண்டாம். குட்டையாக, அகலமாக, அதிகம் விறைப்பாகவும் இல்லாமல் அதிகம் தொளதொளப்பாகவும் இல்லாமல் ஒன்று வேண்டும். அண்ணாச்சியின் கறுப்பு ரப்பரைப் போட்டுப் பார்த்தேன். உருவம் சரி, ஆனால் கனத்தில் கால் கீழே தொங்கியது. அதே உருவத்தில் லேசான ஒன்றைப் பயிற்சியாளர் சொல்ல, வரவழைத்தேன். குதிகாலில் ரப்பர் வாருக்குப் பதில் ஸ்பிரிங் வார். குனிந்து இழுத்துக் கட்ட வேண்டியதில்லை.

பார்சல் கிளினிக்குக்கு வந்தது. மத்தியானம் நோயாளி இல்லாத நேரத்தில் ரப்பர் காலணியைப் போட்டு ஃபின்ஸை மாட்டிப் பார்த்தேன். இடது கால் வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. வலது காலில், திருகாணி போட்ட இடத்தின் மீதே, உள்பக்க விளிம்பு அழுத்தியது. காலணியை மீறி அழுத்தியது. கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன். ஒரு பெரிய சைஸ் வாங்கினால் இடது கால் ஆடும்.

எதிரே தட்டில் நீலக் காகிதம் இருந்தது. பல் கட்டியபின் நோயாளியைக் கடிக்கச் சொல்லும்போது வைக்கிற மெல்லிய சாயக் காகிதம். எந்த இடம் உயரமாக முட்டுகிறதோ அங்கே நீலப் புள்ளி விழும். அதை மட்டும் தேய்த்து எடுப்போம். நான் அதில் சில துண்டுகளை எடுத்து ஃபின்னின் உள்விளிம்பில் வைத்து, மேலே காலை நுழைத்து, நன்றாக அழுத்தி எழுந்து நின்றேன். கழற்றிப் பார்த்தால் ரப்பரில் கடலை அளவுக்கு ஒரு நீலத் தடம் பளிச்சென்று விழுந்திருந்தது.

என் உதவியாளர், பல வருடமாக என்னோடு இருப்பவர், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர், இன்னா பண்றீங்க?”

“கடி சரியில்லை. தேய்க்கப் போறேன்.”

அவர் எனக்கு முகக்கவசத்தை எடுத்துக் கொடுத்தார். உறிஞ்சு குழாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். பல் செட் தேய்க்கிற முரட்டு முனையை டிரில்லில் பொருத்தி, நீலம் இருந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். ரப்பர் தீய்ந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது. மறுபடி காகிதம், மறுபடி கால், மறுபடி தேய்த்தல். அதற்குள் வேர் சிகிச்சைக்கு வந்த ஒரு பெரியவர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். “டாக்டர், உள்ள யாருக்கு என்ன பண்றேள்? வாசனையே பயமா இருக்கே. நான் நாளைக்கு வரட்டுமா?”

உதவியாளர் சிரிப்பை அடக்க முடியாமல் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஒரு காலில் ஃபின்னோடு வாசலுக்குப் போய் பெரியவரிடம் விளக்கினேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மெரினாவுக்கா?” என்றார். அன்று அவருடைய வேர் சிகிச்சை அமைதியாக முடிந்தது. வழக்கமாகக் கைப்பிடியை நெரிக்கிறவர், என்னிடம் கடலைப் பற்றிக் கேட்பதற்காக நடுநடுவே கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் காகிதம் வைத்தபோது நீலம் பரவலாக, மெலிதாக விழுந்தது. எங்கேயும் புள்ளி இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு, மழைக்கு முன் கடல் தெளிவாக இருந்த கடைசி நாட்களில் ஒன்று. என் கணவரும் வந்திருந்தார். படகில் ஏறமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டு, மடக்கு நாற்காலியும் செய்தித்தாளுமாகக் கரையில் உட்கார்ந்துகொண்டார். படகு போய் நின்றதும் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். அண்ணாச்சி தன் கறுப்பு ரப்பரை இழுத்துக் கட்டினார். பட்டென்று வார் அறுந்தது. வெயிலில் காய்ந்து காய்ந்து உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. படகில் மாற்று வார் எதுவும் அவர் ஃபின்ஸுக்குப் பொருந்தவில்லை. ஒரு கயிற்றால் கட்டிப் பார்த்தார். பயிற்சியாளர் தலையை ஆட்டினார்.

“வேணாம் அண்ணாச்சி. ஓட்டம் இருக்குது.”

“ஒத்தக் காலுலயே வருவேன்.”

“வேணாம்.”

அண்ணாச்சி படகின் பலகையில் உட்கார்ந்தார். அறுந்த வாரைக் கையில் வைத்து இரண்டு விரலால் நெருடிக்கொண்டிருந்தார். “நீங்க போய்ட்டு வாங்க, டாக்டரம்மா,” என்றார். நானும் தங்கிவிடுகிறேன் என்றேன். “ரெண்டு பேரும் இங்க உக்காந்து என்ன செய்ய, பல்லாங்குழியா ஆட? போங்க.”

பயிற்சியாளரும் நானும் மட்டும் இறங்கினோம். பாறைத் திட்டின் மேல் ஓட்டம் இருந்தது, கீழே பாறையின் மறைவில் இல்லை. முட்டியை மடக்கினேன், பாதத்தைத் திருப்பினேன், சேர்த்தேன், சும்மா இருந்தேன். போனேன். சத்தமில்லாத ஒரு நீண்ட வழுக்கல். அது தீரும்போது இன்னொன்று. இரண்டு காலும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்வதால் வலப்பக்கம் இழுக்கவில்லை. மணல் கலங்கவில்லை. ஒரு பாறை இடுக்கின் முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்தேன், நின்றேன். பாதத்தைச் சற்றே எதிர்ப்பக்கம் அசைத்தேன், ஒரு முழம் பின்னால் வந்தேன். இடுக்குக்குள்ளிருந்து ஒரு விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடி என்னைப் பார்த்தது. அதன் பற்களை வரிசையாகப் பார்த்தேன். நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். என் மூச்சு நிதானமாக இருந்தது. வழக்கமாக எல்லோருக்கும் முன்னால் காலியாகும் என் சிலிண்டரில் அன்று மீதிக் காற்று பயிற்சியாளருடையதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

மேலே வந்து ஏணியைப் பிடித்ததும் அண்ணாச்சி கை கொடுத்துத் தூக்கினார். முகம் கழுவத் தண்ணீர் ஊற்றினார். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

“ம், சொல்லுங்க.”

“என்ன சொல்ல?”

“என்ன பாத்தியன்னு சொல்லுங்க. நாங்க உக்காந்து வெயில்ல காஞ்சுக்கிட்டு இருக்கோம்லா.”

விலாங்கைச் சொன்னேன். எவ்வளவு பெரிது என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். பல் எப்படி இருந்தது என்று கேட்டார். உள்பக்கம் சாய்ந்திருந்தது, கீழே ஒன்று உடைந்திருந்தது என்றேன். பாறைக்கு அந்தப் பக்கம் களவா மீன் இருந்ததா என்று கேட்டார். இருந்தது, ஒன்று, என் கை நீளம். “அடடா,” என்றார், குழம்பு நினைவிலா கேமரா நினைவிலா தெரியவில்லை. சங்கராக் கூட்டம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, மணலில் திருக்கை இருந்ததா, தண்ணீர் கீழே குளிர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்கக் கேட்க நினைவு வந்தது. நான் இவ்வளவு பார்த்திருக்கிறேன் என்று சொல்லும்போதுதான் தெரிந்தது.

படகு திரும்பியது. கரை நெருங்க நெருங்க, நாற்காலியிலிருந்து எழுந்து, செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு என் கணவர் நிற்பது தெரிந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “அவருக்கும் சொல்லணும்லா. மறந்துராம எல்லாத்தையும் சொல்லுங்க.”

ஃபின்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கினேன். அலை பின்னாலிருந்து தள்ளியது. அவர் பேன்ட்டை மடித்துக்கொண்டு என்னை நோக்கித் தண்ணீருக்குள் நடந்து வந்தார்.

“என்ன, செருப்பு இருந்துதா?” என்றார்.

“விலாங்கு இருந்தது,” என்று ஆரம்பித்தேன்.